அப்பா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார் – பதில்

வணக்கம் தங்கச்சி. அப்பாவுக்கு சிஎம்எல் ரத்தப் புற்றுநோய், இமாட்டினிப் 400 மில்லிகிராம் தொடங்கி ரெண்டு மாதம், காலையில் ஒரே வாந்தி, அதனால் மூலிகைச் சாற்றுக்கு மாறப்போகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் சுங்கை சிப்புட் தோட்டத்து ஆள்தான். 2013-லிருந்து இதே நோய், இதே மாத்திரை. இன்றைக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன்.

வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு போடுகிறாரா? நான் அப்படிப் போட்டுத்தான் லயத்து வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு குமட்டுவேன். வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய குவளைத் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். நேரத்தை ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அதில்தான் வாந்தி நின்றது. கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்கால் இழுக்கும், அதையும் சொல்லுங்கள். தாங்கவே முடியாவிட்டால் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன.

நிறுத்த மட்டும் விடாதீர்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று 2015-இல் நானாகவே மூன்று மாதம் விட்டேன். ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் எண் எகிறிவிட்டது. வீட்டுக்காரி ரெண்டு நாள் பேசவில்லை. திரும்பப் போட ஆரம்பித்த பிறகுதான் இறங்கியது.

அடுத்த மாதம் பிசிஆர் எடுப்பார்கள், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. அந்த எண் மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள் வந்தால் மருந்து நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம்.

சாற்றுப் போத்தலை டாக்டரிடம் காட்டாமல் குடிக்க வேண்டாம். தம்புன் பொமெலோ பழத்தையும் கேட்டுவிட்டே சாப்பிடட்டும், அதன் பங்காளியான கிரேப்ஃபுரூட் இந்த மாத்திரைக்கு ஆகாது.

அப்பா என்னிடம் பேச விரும்பினால் சொல்லுங்கள். ஞாயிறு மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன்.