சீக்வென்ஸ் விளையாட்டின் விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

சீட்டைப் போட்டுப் பலகையில் காய் வைத்து, ஐந்து காயை ஒரே வரிசையில் சேர்க்கும் ஆட்டம் சீக்வென்ஸ். பரிசாக வந்த அந்தப் பெட்டியைப் பிரித்து வீட்டில் எல்லோருமாக ஆட உட்கார்ந்தால் பாதியிலேயே தகராறு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜாக்கி (J சீட்டு) எதற்கு, ஒரே வரிசையில் ஒன்பது காய் வந்தால் அது ஒன்றா இரண்டா, ஐந்து பேர் ஆட முடியுமா என்று மூன்று சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் இந்த ஆட்டம் பல வருடமாக ஓடுகிறது. பாட்டியிலிருந்து தம்பி மகள் வரைக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், விதித்தாளை மேலிருந்து கீழே வாசித்து மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். முதலில் பலகையை நன்றாகப் பாருங்கள். விதிகளில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

பலகையில் பத்துக்குப் பத்து, மொத்தம் 100 கட்டம். நான்கு மூலைக் கட்டமும் எல்லோருக்கும் பொது. மீதி 96 கட்டத்திலும் கட்டத்துக்கு ஒரு சீட்டுப் படம். ஒரு கட்டுச் சீட்டில் 52 உண்டு, நான்கு ஜாக்கியை எடுத்துவிட்டால் 48. அந்த 48-ம் பலகையில் இரண்டிரண்டு இடத்தில் இருக்கின்றன, 96 கணக்கு சரியாகிவிட்டது. கையில் ஆடுவதும் இரண்டு கட்டு சேர்ந்த 104 சீட்டுதான். ஆகவே உங்கள் கையில் இஸ்பேட் ஏழு இருந்தால் பலகையில் அதற்கு இரண்டே இடம். இன்னொரு இஸ்பேட் ஏழு யாராவது ஒருவர் கையிலோ, கவிழ்த்து வைத்த கட்டிலோ, ஏற்கெனவே போட்ட சீட்டிலோ இருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

ஒரு முறை ஆடுவது என்றால் மூன்று வேலை. கையிலிருந்து ஒரு சீட்டை எல்லோரும் பார்க்கும்படி முன்னால் போட வேண்டும். அந்தச் சீட்டின் படம் உள்ள இரண்டு கட்டத்தில் காலியாக உள்ள ஒன்றில் உங்கள் நிறக் காயை வைக்க வேண்டும். அப்புறம் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுக்க மறந்து, அடுத்தவர் ஆடித் தன் சீட்டையும் எடுத்துவிட்டால் உங்களுக்கு அந்தச் சீட்டு போனதுதான். ஆட்டம் முடியும்வரை குறைந்த சீட்டோடுதான் ஆட வேண்டும். ‘குழந்தைதானே, எடுத்துக்கட்டும்’ என்று பெரியவர்கள் இதை விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு ஆட்டத்துக்கு விடலாம். அதற்கு மேல் விட்டால், யார் எப்போது எடுத்தார்கள் என்பதே கடைசியில் சண்டையாகும்.

இரண்டு இடமும் நிரம்பிவிட்டால் அந்தச் சீட்டு செத்த சீட்டு. அதை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். உங்கள் முறை வரும்போது ‘இது செத்தது’ என்று சொல்லிப் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஆடலாம். ஒரு முறைக்கு ஒரு சீட்டுதான் இப்படி மாற்றலாம்.

இனி ஜாக்கி. பலகையில் அதற்கு இடமே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? இடம் இல்லாததால்தான் அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் எட்டு ஜாக்கி. அவற்றின் முகத்தைப் பார்த்தால் போதும். கிளாவர் ஜாக்கிக்கும் டைமண்ட் ஜாக்கிக்கும் இரண்டு கண்ணும் தெரியும். இஸ்பேட் ஜாக்கியும் ஆடுதன் (ஹார்ட்) ஜாக்கியும் பக்கவாட்டில் திரும்பியிருப்பார்கள், ஒரு கண்தான் தெரியும். இரண்டு கண் ஜாக்கியைப் போட்டால் காலியாக இருக்கும் எந்தக் கட்டத்திலும் உங்கள் காயை வைக்கலாம். ஒற்றைக் கண் ஜாக்கியைப் போட்டால் எதிராளியின் ஒரு காயை எடுத்துவிடலாம். எடுப்பதோடு உங்கள் முறை முடிந்தது. எடுத்த இடத்தில் அதே மூச்சில் உங்கள் காயை வைக்க முடியாது. உங்கள் வீட்டுத் தகராறு அநேகமாக இங்கேதான் தொடங்கியிருக்கும், நான் பார்த்தவரை புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் எடுத்த கையோடு வைக்கத்தான் போகிறார்கள். இன்னொன்று, டைமண்ட் ராஜாவும் பக்கவாட்டில்தான் பார்ப்பார், அவருக்கும் ஒரு கண்தான். ஆனால் அவர் சாதாரணச் சீட்டு. கண் கணக்கு ஜாக்கிக்கு மட்டும்.

ஐந்து காய் நெடுக்கிலோ குறுக்கிலோ மூலைவாட்டிலோ அடுத்தடுத்து வந்துவிட்டால் ஒரு சீக்வென்ஸ். அப்படி முடிந்த வரிசையில் உள்ள காயை ஒற்றைக் கண் ஜாக்கியாலும் தொட முடியாது. என் பாட்டிக்கு இதை விளக்க எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. தாயத்தில் மலையேறிய காயை வெட்ட முடியாது இல்லையா, அதுபோலத்தான் என்றேன். “அப்ப நாலு வச்சிட்டு நிக்கறதுதான் ஆபத்து, அஞ்சாவது கையில இல்லாம நாலுக்குப் போகக் கூடாது” என்றார். விதியைச் சொன்னதும் ஆட்டத்தின் சூட்சுமத்தையே பிடித்துவிட்டார். தாயம் ஆடிப் பழகியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மூலைக் கட்டத்தில் யாரும் காய் வைப்பதில்லை. அது எல்லோருடைய காயும் இருப்பதாகக் கணக்கு. மூலையை ஒட்டி நான்கு காய் வைத்தாலே ஐந்து ஆகிவிடும். அதே மூலையை எதிரணியும் தன் வரிசைக்குப் பயன்படுத்தலாம், யார் முந்தினார்கள் என்பது கிடையாது.

ஒன்பது காய்க் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேரோ இரண்டு அணியோ ஆடினால் ஜெயிக்க இரண்டு சீக்வென்ஸ் வேண்டும். மூன்று பேரோ மூன்று அணியோ என்றால் ஒன்றே போதும். இரண்டு போடும்போது, முதல் வரிசையில் உள்ள ஒரு காயை மட்டும் இரண்டாவதிலும் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. ஐந்தும் ஐந்தும் பத்து, பொதுவானது ஒன்று போனால் ஒன்பது. ஆகவே ஒரே கோட்டில் இடைவெளி இல்லாமல் ஒன்பது உங்கள் காயாக இருந்தால் அது இரண்டுதான், நீங்கள் ஜெயித்தீர்கள். எட்டு போதாது, அதில் இரண்டு காய் பொதுவாகிவிடும். நேர்கோட்டில்தான் வர வேண்டும் என்றும் இல்லை, கூட்டல் குறி மாதிரி ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போனாலும் அதே கணக்கு.

நம் வீடுகளில் அதிகம் மீறப்படும் விதி பேச்சு பற்றியது. அணியாக ஆடும்போது கூட்டாளிக்கு எதையும் உணர்த்தக் கூடாது. ‘அந்தப் பக்கம் பாரு’, ‘அவசரப்படாதே’, ஒரு செருமல், எல்லாம் குற்றம். அப்படிச் செய்தால் அந்த அணியில் உள்ள ஒவ்வொருவரும் கையிலிருந்து ஒரு சீட்டைப் போட்டுவிட வேண்டும். பேசியவர் மட்டுமல்ல, ஒவ்வொருவரும். சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரும் சுற்றி உட்கார்ந்த இடத்தில் இது கொடுமையாகத் தோன்றும். ஆனாலும் இந்த விதியை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். பெரியவர்கள் சொல்லச் சொல்லக் காய் வைக்கும் குழந்தை இந்த ஆட்டத்தை ஆடுவதே இல்லை, அதன் கை மட்டும்தான் ஆடுகிறது. எங்கள் தம்பி மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, யாரும் வாய் திறக்காத ஓர் ஆட்டத்தில், தன் கிளாவர் ஜாக்கியைக் கடைசிவரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, மூலையை ஒட்டிய நான்காவது கட்டத்தில் காயை வைத்து ஜெயித்தாள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த ஜாக்கி முன்னாலேயே போயிருக்கும்.

விதிகள் இன்னும் பிடிபடவில்லை என்றால் ஒரு வழி உண்டு, பலகையை நீங்களே வரைந்து பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கரையைக் கடந்த பிறகு ஊரெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடந்தது. மரமெல்லாம் சாய்ந்து தெருவில் கிடக்க, பிள்ளைகளுக்குப் போக இடமில்லை. அப்போது ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, வீட்டில் இருந்த இரண்டு கட்டுச் சீட்டை வைத்துத் திண்ணையிலேயே ஆடினோம். ஒரு அணிக்குப் புளியங்கொட்டை, இன்னொரு அணிக்குச் சோழி. கட்டத்தில் எழுதும்போது ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை எழுத வேண்டும், ஜாக்கியை எழுதக் கூடாது, மூலையைக் காலியாக விட வேண்டும். எழுதி முடித்த பிள்ளைகளுக்கு விதி என்று தனியாகச் சொல்ல அதிகம் மிச்சமில்லை. செத்த சீட்டு ஏன் வருகிறது, ஜாக்கி ஏன் தனி என்பதெல்லாம் அவர்கள் கையாலேயே எழுதியதில் இருந்தது. பெட்டியில் வரும் காய் தொலைந்துபோனவர்களும் இப்படி ஆடலாம். அமெரிக்காவில் 1982-ல் கடைக்கு வந்த ஆட்டம்தான், ஆனால் சாமான் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

கடைசிக் கேள்வி, ஐந்து பேர். முடியாது. ஆட்கள் இரண்டாலோ மூன்றாலோ சரிசமமாகப் பிரிய வேண்டும், மூன்று அணிக்கு மேல் கூடாது. இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கு ஏழு சீட்டு, மூன்று அல்லது நான்கு பேருக்கு ஆறு, ஆறு பேருக்கு ஐந்து, எட்டு ஒன்பது பேருக்கு நான்கு, பத்து பன்னிரண்டு பேருக்கு மூன்று. அணியாக ஆடும்போது ஒரே அணியினர் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் ஒருவர் விட்டு ஒருவர் உட்கார வேண்டும். உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால், இருப்பதில் சின்னவரையும் கண்ணாடி போட்டும் சீட்டு சரியாகத் தெரியாத பெரியவரையும் சேர்த்து ஒரே கையாக உட்கார வையுங்கள். அப்போது நான்கு கை, இரண்டு அணி, ஆளுக்கு ஆறு சீட்டு. அந்த இரண்டு பேரும் ஒரே கை என்பதால் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், எதிரே இருக்கும் கூட்டாளி காதில் விழக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.