தொட்டித் தண்ணீர் நாறுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீடு பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டில் 200 கேலன் பிளாஸ்டிக் டேங்க். கொஞ்ச நாளாகக் காலையில் முதல் பைப்பைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கிறது. சற்று நேரம் ஓடவிட்டால் குறைகிறது. டேங்க்கில் குளோராக்ஸ் பிளீச் ஊற்றினேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. கொதிக்க வைத்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்கிறார் மாமியார். பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, குளோராக்ஸ் பாட்டிலை முதலில் ஓரமாக வையுங்கள். நாற்றம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் மருந்து ஊற்றினால் நாற்றம் சில நாள் மறையும், பிறந்த இடம் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான்.

நாளைக் காலையில், யாரும் பைப்பைத் திறப்பதற்கு முன், சுத்தமான கண்ணாடி டம்ளரில் சமையலறைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். சிங்க் பக்கத்தில் நின்று மோந்து பார்ப்பதில் பயனில்லை. சிங்க்குக் கீழே உள்ள கழிவுக் குழாயில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தேங்கி அழுகினாலும் இதே முட்டை நாற்றம்தான் வரும், பைப்பைத் திறந்ததும் அது கிளம்பும், பழி தண்ணீர் மேல் விழும். வாசலில் வைத்து மோந்தும் நாறினால்தான் தண்ணீரில் கோளாறு. இன்னொரு டம்ளரில் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பைப்பிலிருந்து பிடியுங்கள், அது டேங்க்குக்குப் போகாமல் நேராக வரும் தண்ணீர். நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலும் சமையலறைப் பைப்புக்கும் மெயினிலிருந்து நேர் இணைப்பு இருக்கும், குளியலறைக்கும் கழிப்பறைக்கும்தான் டேங்க் தண்ணீர் போகும். ஆனால் பின்பக்கத்தை இழுத்துக் கட்டும்போது பிளம்பர் எல்லாவற்றையும் டேங்க்கோடு சேர்த்துவிடுவதும் உண்டு. உங்கள் வீட்டில் எப்படி என்று தெரிய, டேங்க்கிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டுச் சமையலறைப் பைப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் நீங்கள் குடிப்பது டேங்க் தண்ணீர்.

மோந்து பார்க்கும் வேலையை ஒருவரே செய்ய வேண்டாம். இந்த முட்டை நாற்றத்துக்கு மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும், தொடர்ந்து மோந்தால் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீராகத்தான் தோன்றும். ரப்பர் ஆலை, செம்பனை ஆலைக் காற்றிலேயே இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் சிரமம். வெளியூரிலிருந்து வந்த உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் டம்ளரை நீட்டுங்கள்.

மீட்டர் பக்கத்துத் தண்ணீர் நன்றாக இருந்து, வீட்டுக்குள் வரும் தண்ணீர் மட்டும் நாறினால் டேங்க்கின் அடியைப் பார்க்க வேண்டியதுதான். (வெந்நீர் மட்டும் நாறினால் வேறு கதை. சேமிப்பு ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியால் அப்படி ஆகும், அதற்கு ஹீட்டர்காரரைக் கூப்பிடுங்கள்.) மூடியைத் திறந்து ஒரு நீளக் குச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டி அடியைத் துழாவுங்கள். மேலே மெல்லிய பழுப்பு வண்டல் இருக்கும். அதைக் கீறினால் கீழே கறுப்பாக ஒன்று வரும், பிசுபிசுவென்று துணியில் ஒட்டும், அதை மோந்தால் உங்கள் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மெயினில் வரும் நுண்ணிய சேறு ஆண்டுக்கணக்கில் படிந்து, காற்றுப் புகாத அந்த அடியில் ஒருவகை பாக்டீரியா தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை விடுகிறது. இராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் நிற்பதால் வாயு சேர்ந்துகொள்கிறது, காலையில் முதலில் பைப்பைத் திறப்பவருக்கு அது கிடைக்கிறது. நீங்கள் ஊற்றிய குளோரின் மேல் தண்ணீரிலும் வண்டலின் மேல்தோலிலும் தீர்ந்துபோயிருக்கும், அடிக்கறுப்பை அது தொடவே இல்லை.

ஆக, முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் குளோரின். டேங்க்குக்கு வரும் வால்வை மூடி, அடியில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். கடைசித் தண்ணீரோடு வண்டலைக் கலக்கி வெளியேற்றி, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். சுவரை நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள், கம்பிப் பிரஷ் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அழுக்கு அதில் குடியேறும். சோப்பும் வேண்டாம். ஆள் உள்ளே இறங்கும் அளவுக்குப் பெரிய டேங்க் என்றால் தனியாக யாரும் இறங்கக்கூடாது, சிறு பிள்ளையை இறக்கவே கூடாது, அந்த வாயு விஷம். சீலிங்குக்கு மேலே டேங்க் இருந்தால் கட்டையில் மட்டும் கால் வையுங்கள், பலகையில் வைத்தால் உடையும்.

கழுவி முடித்ததும் டேங்க்கை நிரப்பி, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச், 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கில் ஊற்றுங்கள். உங்கள் 200 கேலன் என்பது ஏறக்குறைய 900 லிட்டர், ஆகவே 900 மில்லி. வீட்டில் டேங்க் தண்ணீர் வரும் ஒவ்வொரு பைப்பையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள், குழாய்க்குள் படிந்த வழுக்கலுக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும். குறைந்தது 12 மணி நேரம் அப்படியே விடுங்கள், ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது. அதுவரை யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, எல்லாப் பைப்பிலும் ஒரு துணியைக் கட்டிவையுங்கள், பிள்ளைகளுக்கு அது அடையாளம். பிறகு முழுவதும் இறக்கி, இரண்டொரு தடவை நிரப்பிக் கொட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியிலோ மீன் தொட்டியிலோ விடாதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிடையும் பிளீச்சையும் ஒரே நேரத்தில் எடுக்கவே வேண்டாம், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும்.

டேங்க்கைத் திறந்த கையோடு வழிந்தோடும் குழாயின் வாயையும் பாருங்கள். அங்கே வலை இல்லாத வீடுகள்தான் அதிகம். பல்லி, எலி, சின்னத் தவளை எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன, ஏடிஸ் கொசுவும் அப்படியே. செத்த பல்லி ஒன்று மிதந்தாலே தண்ணீர் கவிச்சி அடிக்கும். எலி கிடந்தால் நாற்றத்தைவிட எலிச் சிறுநீர்க் காய்ச்சல்தான் பெரிய பயம், கையுறை போடாமல் தொடாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை கிடைக்கும், இறுக்கிக் கட்டுங்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் புது மூடி வாங்கிவிடுங்கள். கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

இன்னொன்றும் யோசியுங்கள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய், வீட்டில் வயசான இரண்டு பேர் மட்டும் இருக்கும் குடும்பங்களிலும் டேங்க் மட்டும் ஆறு பேருக்கானதாகவே நிற்கிறது. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி, மெயினில் வரும்போது இருந்த குளோரின் எல்லாம் போய்விடும். மிதவையைத் தாழ்த்திக் கட்டினால் டேங்க் பாதிதான் நிரம்பும், தண்ணீர் சீக்கிரம் மாறும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது டேங்க்கைக் கழுவுங்கள், தீபாவளிக்கு வீடு கழுவும்போதே சேர்த்துச் செய்துவிடலாம்.

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. கொதித்தால் கிருமி சாகும், முட்டை நாற்ற வாயுவும் பறந்துவிடும். அவர் பேச்சைத் தட்ட வேண்டாம், கழுவி முடிக்கும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள், நேர் இணைப்பு இருந்தால் அந்தத் தண்ணீரையே எடுங்கள். ஆனால் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதற்கு அடுத்த கடிதமே பதில்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். தண்ணீர் அடிக்கடி நிற்பதால், பழைய சாமான் கடையில் நீல நிற டிரம் வாங்கி அதில் பிடித்துவைக்கிறோம். பலமுறை கழுவியும் மருந்து வாடை போகவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் வாடை இன்னும் தூக்குகிறது. வடிகட்டி வாங்கலாமா?
— ஒரு வாசகர், தெலுக் இந்தான்

பதில்: ஐயா, அந்தத் தண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள். குடிக்க வேண்டாம், சோறு வடிக்க வேண்டாம், பிள்ளையைக் குளிப்பாட்டவும் வேண்டாம். தோட்டத்தில் மருந்து என்றால் எதைச் சொல்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும், களைக்கொல்லி, பூச்சிமருந்து எல்லாம் இந்த மாதிரி டிரம்மில்தான் வரும். பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். நீங்கள் எத்தனை தடவை கழுவினாலும் மேற்பரப்புதான் கழுவப்படும். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகாத விஷம் மிச்சத் தண்ணீரில் இன்னும் கெட்டியாகும். பிளீச்சும் இதற்கு மருந்தில்லை. பைப்பில் மாட்டும் வடிகட்டியை நம்பியும் குடிக்கக் கூடாது, டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாதபோது எதை எது பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் பழைய டிரம் எந்த வருஷத்து டிரம், என்ன டிரம் என்று விற்றவருக்கே தெரியாது.

டிரம்மைக் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள், இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. தண்ணீர் பிடிக்க உணவுக்கென்றே விற்கும் புது டிரம்தான் வாங்க வேண்டும். குடித்தவர் யாருக்காவது வாந்தி, வயிற்றுவலி, வாய்ப்புண், மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், டிரம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

அடிப்படைக் காரணம் லயத்தில் தண்ணீர் நிற்பதுதான், அதையும் விடக்கூடாது. வேலையாட்களுக்கு வீடு கொடுக்கும் முதலாளி இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தண்ணீர் நின்ற நாட்களைக் குறித்து, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். இது நீங்கள் கெஞ்சிக் கேட்கும் சலுகை கிடையாது, உங்கள் உரிமை.

கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீரில் மண் வாசம், பாசி வாடை. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். டேங்க்கைக் கழுவியும் போகவில்லை.
— ஒரு வாசகி, கோலா சிலாங்கூர்

பதில்: தெருவே நாறினால் உங்கள் டேங்க் மேல் தப்பில்லை. ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் வளரும் ஒருவகைப் பாசி ஜியோஸ்மின் என்ற பொருளை விடுகிறது. புது மழையில் மண்ணிலிருந்து எழும் வாசமும் பீட்ரூட்டின் மண் வாடையும் இதுவேதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. கரி வடிகட்டி வாடையைப் பிடிக்கும், கரியை மட்டும் தவறாமல் மாற்றுங்கள், ஊறிப்போன கரியில் கிருமி வளரும்.

ஆனால் வாடை தின்னர், டீசல், பெயிண்ட் மாதிரி இருந்தால் அது வேறு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது நினைவிருக்கும். அப்படி ஏதாவது மோந்தால் டேங்க்குக்குப் போகும் வால்வை உடனே மூடிவிட்டு நீர் வாரியத்துக்குப் போன் போடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நல்ல தண்ணீராவது மிஞ்சும்.

கேள்வி: பைப்பில் வாடையே இல்லை, கெட்டிலில் கொதிக்க வைத்தால் மட்டும் டெட்டால் மாதிரி வாடை வருகிறது. ஏன்?
— ஒரு வாசகர், குளுவாங்

பதில்: கெட்டிலின் ரப்பர் வளையத்தையும், தண்ணீர் பிடிக்கும் ஹோஸையும் பாருங்கள். சிலவகை ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் உள்ள பீனால் தண்ணீரின் குளோரினோடு சேர்ந்தால் இந்த ஆஸ்பத்திரி வாடை வரும், சூடுபட்டால் தூக்கலாகும். வேறொரு பாத்திரத்தில், ஹோஸ் இல்லாமல் நேராகப் பிடித்த தண்ணீரை அடுப்பில் கொதிக்க வைத்து மோந்து பாருங்கள். வாடை இல்லை என்றால் அதே ஹோஸில் பிடித்த தண்ணீரை அதே பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். இப்போது வந்தால் ஹோஸை மாற்றுங்கள், தோட்டத்துக்கு விற்கும் ஹோஸ் வேண்டாம், குடிநீருக்கென்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இப்போதும் வரவில்லை என்றால் கெட்டிலை மாற்றிவிடுங்கள்.