சிங்கப்பூர் நீதிமன்றம் என்று ஒப்பந்தம் போட்டபின் கும்பகோணத்தில் வழக்குத் தொடரலாமா?

கும்பகோணத்திலிருந்து பித்தளை விளக்கு அனுப்பினீர்கள், சிங்கப்பூர்க்காரர் பாக்கி வைத்துவிட்டார், ஒப்பந்தத்திலோ ‘சிங்கப்பூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று இருக்கிறது. உள்ளூரில் வழக்குப் போடலாம்தான். ஆனால் அவர் அந்த ஷரத்தைக் காட்டினால் உங்கள் வழக்கு பெரும்பாலும் நிற்காது.

சரி, அவருடைய சொத்தும் வங்கிக் கணக்கும் எங்கே? சிங்கப்பூரில் என்றால் அங்கே வாங்கும் தீர்ப்புதான் காசாகும். இங்கே தஞ்சாவூர் மாவட்டத்தில் வாங்கிய தீர்ப்பைக் கொண்டுபோய் அங்கே வசூலிப்பது தனி அலைச்சல்.

ஆனால் அவர் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் உங்கள்மேல் பணத் தீர்ப்பு வாங்கினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று (மோசடி, அதிகாரமின்மை போன்றவை) அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்லும் விதிவிலக்குகளைத்தான் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும். ஆகவே அங்கிருந்து சம்மன் வந்தால் சும்மா இருக்காதீர்கள்.

அப்புறம், அடுத்த ஆர்டருக்கு நடுவர் தீர்ப்பு ஷரத்து, அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஷரத்து, கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற வகைசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளுமே இருக்கின்றன.