உலோக வால்வா, திசு வால்வா? வாசகர் கேள்விகளுக்கு இதய அறுவை மருத்துவரின் பதில்கள்

வால்வை மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும் அறுவை நடக்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 54 வயது. பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது. இரண்டு வகை வால்வுகளையும் விளக்கிய மருத்துவர், “யோசித்து நீங்களே சொல்லுங்கள்” என்கிறார். படித்தவர் அவர், முடிவை ஏன் என்னிடம் தள்ளுகிறார்?

அவர் தட்டிக்கழிக்கவில்லை. 2020-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின்படி பெருந்தமனி வால்வுக்கு 50 வயதுக்குக் கீழ் உலோக வால்வும், 65 வயதுக்கு மேல் விலங்குத் திசுவால் செய்த திசு வால்வும் பொதுவாகப் பொருத்தமானவை. இடையில் இருப்பவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதலோ உலோக வால்வுக்கான எல்லையை 60 வயது வரை நீட்டுகிறது. ஆகவே ஒன்றின்படி நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், மற்றொன்றின்படி உலோகத்தின் பக்கம் இருக்கிறீர்கள். ஏறக்குறைய ஒரே ஆய்வுகளைப் படித்த நிபுணர்களே இப்படி வேறுபடும்போது, எஞ்சிய எடைக்கல் உங்கள் வாழ்க்கைமுறைதான்.

உலோக வால்வு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அதன் இதழ்கள் கார்பனால் ஆனவை. கையில் எடுத்துப் பார்த்தால், வெள்ளைத் துணி சுற்றிய வளையத்துக்குள் பளபளக்கும் இரண்டு கறுப்பு அரைவட்டத் தகடுகள் தெரியும்; விரல் நுனியால் தொட்டாலே சாய்ந்து திறக்கும். அது தேய்ந்துபோவது மிக அரிது. ஆனால் அந்த அந்நியப் பரப்பிலும் தகடுகள் மாட்டியிருக்கும் மூட்டுகளிலும் ரத்தம் உறையக்கூடும் என்பதால் வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் விடாமல் சாப்பிட வேண்டும். திசு வால்வில் இந்தக் கட்டாயம் பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு முடிந்துவிடும். மாறாக, அதன் இதழ்களில் காலப்போக்கில் சுண்ணாம்பு படிந்து விறைக்கும் அல்லது கிழியும். வயது குறையக் குறைய இது விரைவாக நடக்கும். பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. சிலருக்குக் கூடவும் உழைக்கும். உங்கள் வயதில் திசு வால்வு வைத்தால் அறுபதுகளின் பிற்பகுதியில் இன்னொரு சிகிச்சை வரும் என்று எண்ணிக்கொள்வதே நேர்மையான கணக்கு.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தத் தொல்லையோடு வாழ உங்களால் முடியும் என்பதைத்தான். வார்ஃபரின் சாப்பிடுபவரின் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள முடியுமா? இரைப்பைப் புண்ணால் ரத்தம் கசிந்த வரலாறு உண்டா? உயரத்தில் ஏறி வேலை செய்பவரா, அடிபட வாய்ப்புள்ள தொழிலா? இதயத் துடிப்புச் சீரின்மைக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏற்கெனவே ஆயுளுக்கும் தேவைப்படுகிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், திசு வால்வின் முக்கியமான ஆதாயமே பெருமளவு போய்விடுகிறது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மாத்திரை விஷயத்தில் கட்டுப்பாடானவர் என்று உங்கள் வீட்டாரே ஒப்புக்கொண்டால், 54 வயதில் உலோக வால்வையே நான் முதலில் சொல்வேன். வீட்டார் சிரித்தால், திசு வால்வுதான் பாதுகாப்பு.

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு கெட்டுவிட்டது. திருமணமாகி ஒரு வருடம். குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். எந்த வால்வு?

வந்த கேள்விகளிலேயே கடினமானது இதுதான். முதலில், வால்வை மாற்றியே ஆக வேண்டுமா என்பதைத் தீர விசாரியுங்கள். இதழ்கள் இன்னும் நெகிழ்வாக இருந்து, குறுகல் மட்டுமே பிரச்சினை என்றால் பலூன் மூலம் விரித்துவிட்டுச் சில ஆண்டுகளை வாங்கிக்கொள்ளலாம். கசிவே முக்கியம் என்றால், ருமாட்டிக் பாதிப்பில் அது எல்லோருக்கும் அமையாவிட்டாலும், சொந்த வால்வைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், உலோக வால்வில் சிக்கல் எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை அடையும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலத்தில் சிசுவின் உறுப்பு வளர்ச்சியில் குறை ஏற்படுத்தக்கூடும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுபவர்களில் இந்த ஆபத்து கூடுதல். அதற்குப் பதிலாகப் போடும் ஹெப்பாரின் ஊசி சிசுவை அடையாது. ஆனால் தாயின் வால்வில் ரத்தம் உறையாமல் காப்பதில் வார்ஃபரினுக்கு ஈடாகாது. ஆக, ஒரு மருந்து குழந்தைக்கு ஆபத்து, மற்றொன்று தாய்க்கு ஆபத்து. இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து முன்கூட்டியே திட்டமிடாமல் இத்தகைய கர்ப்பம் தொடங்கவே கூடாது.

திசு வால்வில் கர்ப்ப காலம் பெரும்பாலும் எளிது. ஆனால் 27 வயதில், அதிலும் பெருந்தமனி இடத்தைவிட அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும் மைட்ரல் இடத்தில், அது விரைவில் கெடும். குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் தாய் மீண்டும் அறுவை மேசையில் படுக்க நேரலாம். முதல் அறுவையின் தழும்பால் நெஞ்செலும்புக்கு அடியில் இதயம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். குழந்தை பெறுவது உறுதியான எண்ணம் என்றால், இதையெல்லாம் தெரிந்துகொண்டே திசு வால்வைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இதில் தங்கையின் விருப்பமே முதலில் நிற்க வேண்டும். அவருக்காக நீங்களோ புகுந்த வீட்டாரோ முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: வார்ஃபரினுக்குப் பதிலாகப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே? உலோக வால்வுக்கு அவை போதாதா?

போதா. டாபிகாட்ரான் மாத்திரையை உலோக வால்வு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு, ரத்த உறைவும் ரத்தக் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. அபிக்ஸபான் மாத்திரையைக் குறிப்பிட்ட ஒரு வகைப் பெருந்தமனி வால்வில் சோதித்த ஆய்வும் 2022-இல் பாதியில் நின்றது. வார்ஃபரின்தான் தீர்வு.

பெருந்தமனி வால்வில் ஐ.என்.ஆர். பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையிலும், மைட்ரல் வால்வில் 2.5-க்கும் 3.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். உங்களுக்கான இலக்கை உங்கள் மருத்துவர் எழுதித் தருவார். கீரையை அறவே விட்டுவிட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். தேவையில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். நான் அஞ்சுவது கீரையை அல்ல, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் வேறொரு மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக்கையும்தான். எந்தப் புது மருந்துக்கு முன்பும் ‘வார்ஃபரின் சாப்பிடுகிறேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இப்போது திசு வால்வு வைத்துக்கொண்டால், அது கெடும்போது நெஞ்சைத் திறக்காமலே உள்ளே இன்னொன்றை வைத்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா?

பலருக்கு உண்மை, எல்லோருக்கும் இல்லை. பழைய திசு வால்வுக்குள் ரத்தக் குழாய் வழியாகப் புதியதை விரித்து வைக்கும்போது, புதியது பழையதன் உள்வட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். முதலில் வைத்தது 19 அல்லது 21 மில்லிமீட்டர் அளவு என்றால், உள்ளே இன்னொன்றையும் நுழைத்தபின் ரத்தம் செல்லும் வழி குறுகிவிடக்கூடும். அறுவையின்போது வால்வு உட்காரும் வளையத்தை அளவுகருவியால் அளந்த பிறகே மருத்துவருக்கு இறுதி அளவு தெரியும். தேவைப்பட்டால் அந்த வளையத்தை விரிவாக்கிப் பெரிய வால்வு வைக்கவும் முடியும். ஆகவே “எதிர்காலத்தில் உள்ளே இன்னொன்று வைக்க இடம் இருக்குமாறு வைப்பீர்களா?” என்று இப்போதே கேளுங்கள். உலோக வால்வுக்குள் இப்படி வைக்கவே முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. நெஞ்சைத் திறக்காமல் வைக்கும் முறையே போதுமா?

தொடைக் குழாய் வழியாகப் பெருந்தமனி வால்வைப் பொருத்தும் முறையை 2002-இல் பிரான்சில் அலேன் கிரிபியே முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். இந்த வயதில் இன்று அது முன்னணித் தேர்வு. தொடைக் குழாய்களின் அகலம், சுண்ணாம்புப் படிவு, இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பவற்றை சி.டி. ஸ்கேன் உள்ளிட்ட பரிசோதனைகளில் பார்த்தே உறுதி செய்வார்கள். பின்னர் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு திறந்த அறுவையைவிட இதில் கூடுதல். கையெழுத்திடும் முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உலோக வால்வு சத்தம் போடுமாமே? எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதாமே?

அமைதியான அறையில் கடிகாரத் துடிப்பைப் போன்ற மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கும். ஒல்லியானவர்களுக்குச் சற்றுத் தெளிவாகவே. பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். பழகிய அந்த ஒலி திடீரென மங்கினாலோ நின்றாலோ, குறிப்பாக மூச்சுத் திணறலும் சேர்ந்தால், மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்றைய வால்வுகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், வால்வின் பெயரை ஸ்கேன் நிலையத்தில் சொல்ல வேண்டும்.

கேள்வி: திசு வால்வு எந்த விலங்கிலிருந்து வருகிறது? எங்கள் நம்பிக்கைக்கு அது முக்கியம்.

கேட்கத் தயங்க வேண்டாம். சில வகைகள் பன்றியின் இதய வால்விலிருந்தும், சில மாட்டின் இதய உறையிலிருந்தும் செய்யப்படுகின்றன. குளுட்டரால்டிஹைடு கரைசலில் பதப்படுத்தி ஜாடியில் அடைத்து வருவதை, அறுவை அரங்கில் உப்புநீரில் பலமுறை அலசிய பிறகே பொருத்துவோம். இரண்டுக்கும் உடன்படாதவர்களுக்கு உலோக வால்வு இருக்கிறது. அறுவைக்குப் பின் தெரியவந்து மனம் வருந்துவதைவிட, முன்பே சொன்னால் நாங்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்வோம்.

கேள்வி: அறுவைக்கு முன் நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பல் மருத்துவரைப் பாருங்கள். சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி புதிய வால்வில் குடியேறினால், அது எந்த வகை வால்வாக இருந்தாலும் உயிருக்கே ஆபத்து. பிடுங்க வேண்டிய பல்லை இப்போதே பிடுங்கிவிடுங்கள். பின்னாளில் ஈறு சார்ந்த சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீடு திரும்பும்போது வால்வின் பெயர், மாதிரி, அளவு, வரிசை எண், பொருத்திய தேதி அடங்கிய அட்டை ஒன்று தருவார்கள். பணப்பையில் ஒன்றும் கைபேசியில் அதன் படமும் இருக்கட்டும்.