பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. புதிதாக வண்ணம் அடித்து, சுவரெல்லாம் படம் வரைந்து பார்க்க அழகாக இருக்கிறது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சுவரை விடுங்கள். வண்ணம் நிதி வந்த வருடத்தைக் காட்டும், பாடம் நடப்பதைக் காட்டாது. ஆண்டு விழாவுக்கும் சேர்க்கைப் பேரணிக்கும் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண ஒரு செவ்வாய், புதன் போதும். காலை எட்டரைக்குப் போனால் காலை உணவையும் பார்த்துவிடலாம். 2023 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இது உண்டு. சரியான நேரத்துக்குச் சாப்பாடு வருகிறதா, பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்களா, பரிமாறும்போது ஆசிரியர் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். மதியச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்களா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், மறைக்கத் தெரியாது.

கழிப்பறையைக் காலையில் பார்க்காதீர்கள், அப்போதுதான் கழுவியிருப்பார்கள். காலை இடைவேளை முடிந்தபின் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் உண்டா, தாழ்ப்பாள் ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிறதா? பூட்டியிருந்தால் சாவி யாரிடம், கேட்டால் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்? இந்த ஒரு காரணத்தால் தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்பும் பெண் பிள்ளைகள் உண்டு.

இனி முக்கியமான விஷயம். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா? தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். தயங்கினால், பக்கத்து வீட்டில் அங்கே படிக்கும் பிள்ளை யாராவது இருப்பார்கள். இரண்டு மூன்று பேரைக் கேட்டால் நல்லது, ஒரே பிள்ளையை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, பாடத்தின் முதல் வரியிலிருந்து அல்ல, நடுவில் ஒரு பத்தியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வரி மனப்பாடமாக இருக்கும். விரல் ஒரு சொல்லில் நிற்க வாய் அடுத்த சொல்லுக்குப் போனால் அது ஒப்பிப்பு. ‘கோழி’யை ‘கேழி’ என்று வாசித்தால், கொம்பைப் பார்த்த பிள்ளை எழுத்துக்குப் பின்னால் இருக்கும் துணைக்காலைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை தடுமாறினால் அது பிள்ளையின் பிரச்சினை, கேட்ட மூன்று பேரும் அதே இடத்தில் தடுமாறினால் வகுப்பறையின் பிரச்சினை.

கணக்குக்கு ஒரே ஒரு கழித்தல் போதும்: 43-இல் 27 போனால்? 16 என்று வந்தால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறது. 24 என்று வந்தால், மேலே கீழே பார்க்காமல் 7-இல் 3, 4-இல் 2 என்று பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. யாரும் நோட்டைப் பார்த்து நிறுத்தித் திருத்தவில்லை என்று பொருள்.

கடைசியாக நோட்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதியது முத்து முத்தாகத்தான் இருக்கும். பிள்ளை தானாக எழுதிய இரண்டு வரி எங்காவது இருக்கிறதா, சிவப்பு மை பிழையின் மேல் விழுந்திருக்கிறதா அல்லது பக்கத்தின் கீழே வெறும் கையெழுத்தா என்று பாருங்கள்.

கேள்வி: போய் விசாரித்தோம். மொத்தம் 38 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். மூன்று வகுப்பு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் எப்படிப் போதும்?

பதில்: சட்டப்படி போதும் என்பதுதான் சிக்கல். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. தலைமை ஆசிரியரும் அந்த இரண்டு பேரில் ஒருவர்தான்.

ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்கார்ந்திருப்பது குறையல்ல. அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே அப்படித்தான்: வகுப்பைப் பார்க்காமல், தெரிந்த அளவைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். அங்கே கேட்க வேண்டியது, “போன வருடம் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அரும்பிலேயே இருக்கிறார்கள்?” என்பது. சரியாக நடத்தும் ஆசிரியர் பெயர் சொல்லிப் பதில் சொல்வார்.

உண்மையான பலவீனம் வேறு. இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ, தேர்தல் வேலைக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் அன்று முழுப் பள்ளியும் ஒருவர் கையில். ஆகவே “எத்தனை ஆசிரியர்?” என்று கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: சென்ற மாதம் ஒரே ஆசிரியர் இருந்த நாட்கள் எத்தனை? யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா? பெயர் இந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், ஆள் வேறு ஊரில் பாடம் நடத்துவார். மாறுதல் கலந்தாய்வில் யாராவது போகப் போகிறார்களா? நல்ல ஆசிரியரை நம்பிச் சேர்த்து, ஜூனில் அவர் மாறுதலில் போய்விட ஏமாந்தவர்கள் நிறைய.

இணையத்திலும் ஒருமுறை சரிபார்க்கலாம். பள்ளி விவரங்களைத் தொகுக்கும் ஒன்றிய அரசின் யு-டைஸ் பிளஸ் தளத்தில் ‘நோ யுவர் ஸ்கூல்’ பகுதியில் பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போட்டால் (தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33-இல் தொடங்கும்) பிள்ளைகள் எண்ணிக்கை, ஆசிரியர், கழிப்பறை விவரம் வரும். ஆனால் அது பள்ளியே நிரப்பிக் கொடுத்த விவரம், பழையதாகவும் இருக்கலாம். நேரில் தலையை எண்ணுவதற்கு ஈடாகாது.

ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1 நிலவரப் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். 57, 58 பேர் உள்ள பள்ளியில் தெருவில் நான்கு வீட்டார் பேசிச் சேர்ந்து சேர்த்தால் 60-ஐத் தாண்டி மூன்றாவது பணியிடத்துக்கு வழி பிறக்கும். உங்கள் 38-க்கு அது தொலைதூரம். ஆனாலும் இரண்டு பேரும் நிரந்தரமாக, உள்ளூரிலேயே தங்கி இருந்து, மேலே சொன்ன வாசிப்புச் சோதனையில் பிள்ளைகளும் தேறினால் 38 என்பது சாதகம். ஒரு பிள்ளையும் கண்ணில் படாமல் போகாது.

கேள்வி: அதே பள்ளியில் ஆங்கில வழியும் இருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் கேளுங்கள்: ஆங்கில வழிக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா, தனி அறை இருக்கிறதா? 2012-13 முதல் இந்த வகுப்புகள் பரவினாலும், சின்னப் பள்ளிகளில் பெரும்பாலும் அதே ஆசிரியர்தான், அதே அறைதான். ஒரு வரிசையில் தமிழ்ப் புத்தகம், அடுத்த வரிசையில் ஆங்கிலப் புத்தகம், விளக்கம் மட்டும் இருவருக்கும் தமிழில். அப்படியென்றால் நீங்கள் தேர்ந்தெடுப்பது புத்தகத்தின் மொழியை மட்டும். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் தமிழ் வழியே எங்கள் பரிந்துரை.

பலர் யோசிக்காத இன்னொன்று: அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்த சான்று கேட்கிறார்கள்.

கேள்வி: மருத்துவப் படிப்பு 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக இப்போதே அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டுமா? பக்கத்தில் நல்ல அரசு உதவி பெறும் பள்ளி இருக்கிறது.

பதில்: அதற்காக என்றால் வேண்டாம். ஒதுக்கீட்டுக்குக் கணக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததுதான். ஒன்று முதல் ஐந்து வரை எங்கு படித்தாலும் பாதிப்பில்லை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளி வராது. இப்போது உதவி பெறும் பள்ளியில் சேர்த்தால், ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: சேர்க்கும்போது என்னென்ன கேட்பார்கள்? பணம் கட்ட வேண்டுமா?

பதில்: ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று நகல், புகைப்படம் கொண்டுபோங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைக்கவும் கூடாது. கட்டணம் இல்லை. புத்தகம், நோட்டு, நான்கு செட் சீருடை, பை, காலணி எல்லாம் இலவசம். யாராவது நன்கொடை என்று கேட்டால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடியும். முடியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழையுங்கள்.

சேர்த்த அன்றே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்த நாளில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். தண்ணீர் வராத குழாயைப் பற்றி வாசலில் நின்று பேசினால் காற்றோடு போகும். கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுத வைத்துவிட்டு வாருங்கள்.