அமெரிக்க மாவட்ட நீதிபதி ஆக என்ன தேர்வு எழுத வேண்டும்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஜே.டி. என்ற சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கிரீன் கார்டு வைத்திருக்கிறாள். ஃபெடரல் விசாரணை நீதிமன்றத்தில் நீதிபதியாக வேண்டும் என்பது அவள் ஆசை. நம் ஊர் சிவில் நீதிபதி தேர்வு போல அங்கே என்ன தேர்வு? எந்த வயதில் எழுதலாம்?

பதில்: தேர்வு கிடையாது. வயது வரம்போ சட்டப் பட்டமோ, ஏன், குடியுரிமையோகூட வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பு சொல்லவில்லை. ஜனாதிபதி ஒருவரை முன்மொழிவார். செனட் பெரும்பான்மை வாக்கில் ஏற்கும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். ஆளை வடிகட்டுவது எழுதப்படாத நிபந்தனைகள். ஃபெடரல் விசாரணை நீதிமன்றங்களுக்கு மாவட்ட நீதிமன்றம் என்று பெயர். அவை 94-க்கும் சேர்த்து ஏறத்தாழ 670 இடங்கள்தான். அவையும் வாழ்நாள் பதவிகள் என்பதால், ஒருவர் விலகினாலோ இறந்தாலோ மேல் நீதிமன்றத்துக்குப் போனாலோ ஓய்வு வயதில் குறைந்த வழக்குகளைப் பார்க்கும் ‘சீனியர்’ ஆனாலோதான் நாற்காலி காலியாகும். அமர்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஐம்பதை ஒட்டியவர்களும் ஏராளம். ஆகவே உங்கள் மகள் இப்போது யோசிக்க வேண்டியது அடுத்த 15, 20 ஆண்டுகள் எங்கே, எப்படி வழக்காடுவது என்பதைப் பற்றித்தான்.

முதல் படி கிளார்க்‌ஷிப். ‘கிளார்க்’ என்றதும் நம் ஊர் வக்கீல் குமாஸ்தாவை நினைத்துவிடாதீர்கள். நீதிபதியின் அறையில் உட்கார்ந்து மனுக்களைப் படித்து, சட்டக் குறிப்பும் தீர்ப்பு வரைவும் எழுதும் இளம் வழக்கறிஞர் அவர். ஓரிரு ஆண்டுப் பணி. ஆஸ்கர் என்ற இணைய ஏற்பாட்டின் வழியே பெரும்பாலான நீதிபதிகள் விண்ணப்பம் வாங்குகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்த ஜூனில்தான் மாணவர் விண்ணப்பங்களைப் பார்ப்பது என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. அது எல்லா நீதிபதிகளையும் கட்டுப்படுத்தாது. ஒவ்வொருவர் அறிவிப்பையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். குடியுரிமைப் பிரச்சினை தலைகாட்டுவது இங்கேதான். எஃப்-1 மாணவர் விசா, எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கப் பெருநிலப் பகுதியில் சம்பளக் கிளார்க்காகச் சேர்வது பொதுவாக நடக்காது. கிரீன் கார்டு உள்ளவர், தகுதி வந்ததும் குடியுரிமை பெறுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சேரலாம்.

அதன் பிறகு நீதிமன்றத்தில் நின்று பேசும் வேலை வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகம், வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஃபெடரல் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் (பப்ளிக் டிஃபெண்டர்) அலுவலகம், வழக்காடும் தனியார் நிறுவனம் ஆகிய மூன்றும் நன்கு பழகிய பாதைகள். கம்பெனி இணைப்பு ஒப்பந்தங்களையே வருடக்கணக்கில் எழுதியவருக்கு இந்தப் பதவி எட்டாக்கனி என்றே சொல்லலாம். நியூயார்க் தென் மாவட்ட நீதிமன்றத்தில் 2023-ல் பதவியேற்ற அருண் சுப்ரமணியன் மூன்று நீதிபதிகளிடம் கிளார்க்காக இருந்துவிட்டு, 15 ஆண்டுகளுக்கு மேல் தனியார் நிறுவனத்தில் வழக்காடியவர். அந்த நீதிமன்றத்தின் முதல் தெற்காசிய நீதிபதி அவர். இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் கேட்டஞ்சி பிரவுன் ஜாக்சன் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞராக இருந்து, 2013-ல் தலைநகர் வாஷிங்டனில் மாவட்ட நீதிபதியானவர்.

எந்த மாநிலத்தில் தொழில் செய்வது என்பதைச் சீக்கிரம் முடிவுசெய்வது நல்லது. பெயர் முதலில் எழுவது பெரும்பாலும் அந்த மாநில செனட்டர்களிடம்தான். சிலர் வழக்கறிஞர் குழு அமைத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் நடத்துவார்கள். வேறு சிலர் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் விசாரிப்பதோடு சரி. பிறகு வெள்ளை மாளிகை வழக்கறிஞர்களும் அரசின் நீதித்துறையும் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) நேர்காணல் செய்வார்கள். எஃப்.பி.ஐ. பழைய முதலாளி, அண்டை வீட்டார் வரை விசாரிக்கும். சொந்த மாநில செனட்டர்கள் இருவரும் தங்கள் சம்மதத்தைக் காட்டும் ‘ப்ளூ ஸ்லிப்’ எனும் நீலச் சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால், மாவட்ட நீதிபதி நியமனம் செனட் நீதிக் குழுவிலேயே முடங்கிவிடும். வழக்கறிஞர் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் 1953 முதல் வேட்பாளர்களை மதிப்பிட்டு வருகிறது. குறைந்தது 12 ஆண்டு அனுபவத்தை எதிர்பார்க்கும். 2025-ல் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அதற்குத் தந்துவந்த ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது.

பலர் சறுக்குவது செனட் நீதிக் குழுவின் வினாப் படிவத்தில். கல்லூரிக் காலம் தொட்டுச் செய்த வேலைகள், எழுதிய கட்டுரைகள், பேசிய கூட்டங்கள், கொடுத்த பேட்டிகள் எல்லாவற்றையும் அது கேட்கும். தான் நடத்திய முக்கியமான 10 வழக்குகளை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பெயர், தொலைபேசி எண்ணோடு எழுத வேண்டும். அவர்களை அழைத்துக் கேட்பார்கள். நீதிமன்றத்தில் எதிரியிடம் நாகரிகமாக நடந்துகொண்டதன் பலன் அன்றைக்குத் தெரியும். மறந்துபோன பழைய பேச்சு ஒன்று யூடியூபில் கிடைத்துவிட்டால் ‘மறைத்துவிட்டார்’ என்ற பேச்சு எழும். வீட்டுப் பணியாளருக்குக் கட்டாமல் விட்ட வரியும் இப்படித்தான் வெளியே வரும். இப்போதிருந்தே வழக்கு எண், நீதிபதி, எதிர்த்தரப்பு, தன் பங்கு, முடிவு என்று ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள்.

செனட் விசாரணையில் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆனால் 2017-ல் ஒரு வேட்பாளர், தான் ஒரு வழக்கையும் விசாரணை வரை நடத்தியதில்லை என்று ஒப்புக்கொண்டு, அடிப்படை நடைமுறைக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாமல் திணறி, சில நாட்களில் விலகிக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தாலும், செனட் வாக்கெடுப்புக்கு முன் அந்தக் காங்கிரஸின், அதாவது அப்போதைய நாடாளுமன்றத்தின், ஆயுள் முடிந்தால் நியமனம் காலாவதி. புதிதாக முன்மொழிய வேண்டும். அப்போது ஜனாதிபதி வேறொருவராகவும் இருக்கலாம். திறமை இருந்தும் நேரம் வாய்க்காமல் போனவர்கள் அதிகம்.

அரசியலை நம்ப விருப்பமில்லை என்றால் மாஜிஸ்திரேட் ஜட்ஜ் பதவி இருக்கிறது. நம் ஊர் மாஜிஸ்திரேட்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இடம் காலியானதும் வெளிப்படையாக விளம்பரம் வரும். தேர்வுக் குழு பட்டியல் தர, அந்த மாவட்ட நீதிபதிகளே வாக்களித்து நியமிப்பார்கள். பார் எனும் வழக்கறிஞர் அமைப்பில் 5 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பதவிக் காலம் 8 ஆண்டு, நீட்டிக்கலாம். சம்பளம் மாவட்ட நீதிபதியுடையதில் 92 சதவீதம். ஜாமீன், ஆவணப் பரிமாற்றத் தகராறு, இரு தரப்பும் சம்மதித்தால் முழு சிவில் விசாரணை என்று வேலை இருக்கும். பிறகு மாவட்ட நீதிபதியாக உயர்ந்தவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் உங்கள் மகள் இந்த வழியை இரண்டாம்தரமாக நினைக்க வேண்டாம்.

பதவி கிடைத்த பின் சிலவற்றைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெரும்பாலான இடங்களில் அந்த மாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் சொத்துக் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு தரப்புக் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் வழக்கிலிருந்து விலக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தீர்க்காமல் கிடக்கும் மனுக்களின் பட்டியல், மார்ச் 31, செப்டம்பர் 30 கணக்குப்படி, நீதிபதியின் பெயரோடு வெளியாகும். அதனால் அந்தத் தேதிகளுக்கு முந்தைய வாரங்களில் உத்தரவுகள் மளமளவென்று வரும்.

சம்பளம் 2025-ல் ஆண்டுக்கு 2,47,400 டாலர். பதவியில் இருக்கும்வரை குறைக்க முடியாது. பெரிய நிறுவனப் பங்குதாரராக இருந்தவருக்கு இது பெரிய வெட்டுதான். ஓய்வுக்கு ‘80 கணக்கு’ உண்டு: வயது 65-ஐ எட்டி, வயதும் பணியாண்டும் கூட்டி 80 வந்தால் முழுச் சம்பளத்துடன் ஓய்வு பெறலாம், அல்லது சீனியர் ஆகிக் குறைந்த வழக்குகளைப் பார்க்கலாம். 50-ல் அமர்ந்தவருக்கு 65-ல் கணக்கு நேராகும். 58-ல் அமர்ந்தவர் 69 வரை பொறுக்க வேண்டும். 40-ல் அமர்ந்தவருக்கும் 65-க்கு முன் கிடையாது.