குறும்படம் சீரியல் போலத் தெரிவது ஏன்?

உங்கள் குறும்படத்தை வினாடிக்கு 50 ஃபிரேமில் (அதாவது 50 தனிப்படங்களாக) எடுத்ததாகவும், அம்மா பேசும் காட்சியில் விளக்கை முகத்துக்கு நேரே வைத்ததாகவும், நல்ல லென்ஸ் இருந்தும் படம் டிவி சீரியல் போல இருப்பதாகவும் எழுதி வருந்தியிருக்கிறீர்கள். 50 ஃபிரேமில் எடுத்தீர்களே, முக்கியக் காரணம் அதுதான். பழைய தொலைக்காட்சி வினாடிக்கு 50 அரைப்படங்களை (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ள படங்களை) காட்டியது. சினிமாவில் 24 முழுப்படங்கள். வினாடிக்கு 50 முறை படம் மாறும்போது அசைவு வழவழப்பாகத் தெரியும்; அந்த வழவழப்பைக் கண்டாலே நம் கண்ணுக்குச் சீரியல் நினைவுதான் வருகிறது.

சினிமாவின் 24-க்கு நெருக்கமான 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 வினாடியில் நிறுத்துங்கள். கேமராவுக்கு முன் கையை வீசிப் பாருங்கள்: விரல்நுனிகள் லேசாகக் கலங்கித் தெரிய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கலங்கல்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 சுழற்சி) என்பதால் இந்த ஷட்டரில் டியூப்லைட்டும் மினுக்காது.

வெயிலில் படம் வெளிறினால் ஷட்டரைத் தொடாதீர்கள். லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருமையான கண்ணாடியான என்டி ஃபில்டரை மாட்டுங்கள். அம்மா பேசும் காட்சியில் முகத்துக்கு நேரே வைத்த விளக்கையும் ஜன்னல் பக்கம் நகர்த்திவிடுங்கள். ஒரு கன்னம் நிழலில் இருக்கட்டும்.